பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயம் தரும் அனுமதி: ஊரிலிருந்து வரலாறு கற்பிக்கச் சில மூலங்களும் செயற்பாடுகளும்

2009 மே மாதத்தில் பிறந்த பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயதுக்கு வந்துவிட்டது. போரை அது கண்டதில்லை. ஆனாலும் போரைப் பற்றி ஏதோ தெரியும். அம்மம்மா பாதியில் நிறுத்திவிட்ட ஒரு கதை, மே 18 அன்று காய்ச்சும் கஞ்சி, கைத்தொலைபேசியில் பாட்டுச் சேர்த்து வரும் ஒரு நிமிடக் காணொளி. பாடசாலையில் கிடைப்பது வேறு. அனுராதபுரம், பொலன்னறுவை, குளங்கள், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர், சுதந்திரம். அதற்குப் பிறகு பரீட்சை.

ஒரு பிள்ளைக்குள் இப்படி இரண்டு வரலாறுகள் ஒன்றையொன்று தொடாமல் கிடக்கின்றன. ஒன்று புள்ளிக்கு, மற்றது வீட்டுக்கு. புத்தகத்தில் இருப்பதைப் பிள்ளை மனப்பாடம் செய்கிறது, நம்புவதில்லை. வீட்டில் கேட்டதை நம்புகிறது, சோதித்துப் பார்ப்பதில்லை. "இது எப்படித் தெரியும்?" என்ற கேள்வியை இரண்டின் மீதும் ஒரே அளவில் வைக்க யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. வடக்கு கிழக்கில் வரலாற்று வகுப்பின் உண்மையான குறை இதுதான் என்பது என் எண்ணம். புத்தகத்தில் எங்கள் பக்கங்கள் குறைவு என்பது நியாயமான முறைப்பாடு. ஆனால் அந்தப் பக்கங்கள் நாளைக்கே சேர்க்கப்பட்டாலும் மனப்பாடம் செய்யும் பிள்ளை அவற்றையும் மனப்பாடம்தான் செய்யும்.

புதிய பாடப்புத்தகம் வரும்வரை காத்திருக்காமல், கையில் இருக்கும் மூலங்களைக் கொண்டு வகுப்பறையிலும் தனியார் வகுப்பிலும் சனசமூக நிலையத்திலும் செய்யக்கூடியவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவற்றுக்குத் தேவை ஒரு பிறிஸ்டல் மட்டை, சில போட்டோக்கொப்பிகள், இரண்டு பாடவேளைகள்.

கதவு எங்கே இருக்கிறது

"மேலிடத்தில் கேட்பார்கள்" என்பது ஆசிரியர்களின் முதல் பயம். காரணமில்லாத பயம் அல்ல. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த ஒரு தலைமுறையே இப்போது கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறது. நினைவேந்தல் நடத்துவதற்கே நீதிமன்றத் தடையுத்தரவுகள் வந்த மாகாணம் இது.

ஆனால் தரம் 10 வரலாற்றுப் பாடப்புத்தகம் தொடங்குவதே மூலாதாரங்கள் பற்றிய அத்தியாயத்தோடுதான். இலக்கிய மூலாதாரம், தொல்லியல் மூலாதாரம், கல்வெட்டு, நாணயம் என்று அது போகிறது. பெரும்பாலான வகுப்புகளில் இந்த அத்தியாயம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். வகைகளை எழுதி, உதாரணங்களைப் பாடமாக்கி, அடுத்த அலகுக்குப் போய்விடுவோம். உண்மையில் ஆசிரியருக்குக் கிடைத்த மிகப் பெரிய அனுமதிச்சீட்டு இதுதான். ஊரில் இருக்கும் ஒரு மூலத்தை எடுத்து, அது யாரால், எப்போது, எதற்காக உருவாக்கப்பட்டது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பிள்ளைகளைக் கேட்கவைப்பது பாடத்திட்டத்துக்கு வெளியே போகும் வேலை அல்ல. பாடத்திட்டம் சொல்லும் வேலையே அதுதான். அதிபரிடம் அனுமதி கேட்கும்போது இந்த அலகைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.

இளைய வகுப்புகளுக்குச் சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்ற பாடம் இருக்கிறது. ஊரின் குளம், கோயில், சந்தை, பழைய வீதி என்று அங்கேயே தொடங்கலாம்.

அலுமாரிக்குள் இருக்கும் ஆவணம்

நல்ல வரலாற்று மூலம் பல பாடசாலைகளின் அதிபர் அறையிலேயே இருக்கிறது. சேர்விடாப்பும் சம்பவத் திரட்டுப் புத்தகமும். சேர்விடாப்பில் பிள்ளை சேர்ந்த நாள், முன்பு படித்த பாடசாலை, விலகிய நாள், விலகிய காரணம் ஆகியவை இருக்கும். அந்தக் கடைசி இரண்டு நிரல்கள் போதும்.

பெயர்களைக் கடதாசியால் மறைத்து ஆசிரியரே சில பக்கங்களைப் பிரதி எடுக்க வேண்டும். இது முக்கியம். அந்தப் பெயர்களுக்குரியவர்கள் அதே ஊரில் இருப்பார்கள், சிலர் இல்லாமல் போயிருப்பார்கள். பிறகு பிள்ளைகள் குழுவாக இருந்து ஆண்டுவாரியாக எண்ணட்டும்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள். அதைச் சலாகை வரைபாக மட்டையில் வரையலாம்.

தென்மராட்சியில் ஒரு பாடசாலையென்றால் 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுதும் நாவற்குழிப் பக்கமாக நடந்து வந்த நாட்கள் அந்த வரைபில் தெரியக்கூடும். வலிகாமம் வடக்கு என்றால் 1990 இல் இடாப்பே முறிந்திருக்கும். வன்னியில் பல பாடசாலைகளிடம் 2009க்கு முந்திய இடாப்பே இருக்காது. அது குறைபாடு அல்ல, அதுவே மூலம். "எங்கள் பாடசாலையின் பதிவேடு இந்த ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது. ஏன்?" என்ற கேள்விக்குப் பிள்ளைகளே வீட்டில் கேட்டு விடை கொண்டுவருவார்கள். ஆசிரியர் ஒரு வார்த்தை கூடச் சொல்ல வேண்டியதில்லை.

கழித்தல் கணக்கு

குடிசன மதிப்பீடு அரசாங்கத்தின் சொந்த ஆவணம். யாரும் குறை சொல்ல முடியாது. 1871இலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒரு முறை கணக்கெடுக்கும் வழக்கம் இலங்கையில் இருந்தது. 1981க்குப் பிறகு நாடு முழுவதையும் உள்ளடக்கிய கணக்கெடுப்பு 2012 இல்தான் நடந்தது. இடையில் 2001 இல் நடந்தது 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக முடிந்தது.

1981 இல் யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 8 லட்சத்து 30 ஆயிரம். கிளிநொச்சி அப்போது அதற்குள் இருந்தது. 2012 இல் யாழ்ப்பாணம், கிளிநொச்சி இரண்டு மாவட்டங்களையும் சேர்த்தால் சுமார் 6 லட்சத்து 97 ஆயிரம். இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, முதலில் கழிக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த 31 ஆண்டுகளில் சனத்தொகை சாதாரணமாக வளர்ந்திருந்தால் எவ்வளவாக இருந்திருக்கும் என்று கேளுங்கள். கணித ஆசிரியரோடு சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. குறைந்தவர்கள் எங்கே? இறந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள், வெளிநாடு போனவர்கள், இந்தியாவில் முகாம்களில் இருப்பவர்கள், கொழும்புக்கு நகர்ந்தவர்கள், விரட்டப்பட்ட முஸ்லிம்கள், பிறக்காமலே போன பிள்ளைகள். ஒரே ஒரு எண் இவற்றைப் பிரித்துச் சொல்லாது என்பதையும் பிள்ளைகள் அங்கேயே கற்றுக்கொள்வார்கள். ஒரு புள்ளிவிபரத்தால் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதை இதைவிடச் சுலபமாக விளக்க எனக்கு வேறு உதாரணம் தெரியவில்லை.

உறுதி, வரைபடம், ஊர்ப்பெயர்

போரில் எதைக் கைவிட்டாலும் காணி உறுதியைக் கைவிடாமல் கொண்டு ஓடிய குடும்பங்கள் நிறைய. பழைய உறுதி ஒன்றின் பிரதியில் காணியின் பெயர், பரப்புக் கணக்கு, நான்கு எல்லை, முன்னைய உரித்தாளர் ஆகியவை இருக்கும். யாழ்ப்பாணத்துக் காணிகளுக்குத் தனிப் பெயர்கள் இருப்பது பிள்ளைகளுக்கு ஆச்சரியமாக இருக்கும். அங்கிருந்து ஒல்லாந்தர் காலத்துத் தோம்புப் பதிவுக்கும், 1706-1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமைக்கும் போகலாம். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும் ஒல்லாந்தர் ஆட்சி, சொந்த வளவின் வேலி வரை வந்துவிடும்.

வன்னியில் ஊர்ப்பெயர்களே ஆவணம். குளம் என்று முடியும் பெயர்களைப் பிரதேச வரைபடத்தில் நிறம் தீட்டச் சொல்லி, அவற்றில் எத்தனை குளங்களில் இன்று தண்ணீர் இருக்கிறது என்று சேர்த்துப் பார்க்கலாம். இரணைமடுவின் கட்டுமானம் 1902 இல் தொடங்கி 1920 இல் முடிந்தது. மன்னாரின் கட்டுக்கரைக் குளம் அதைவிடப் பல நூற்றாண்டு பழையது. அதன் அருகே பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையிலான குழு அகழாய்வு செய்திருக்கிறது.

கணினி அறை இருக்கும் பாடசாலை என்றால் கூகுள் ஏர்த்தில் பழைய ஆண்டுகளின் செய்மதிப் படங்களைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம். மயிலிட்டித் துறைமுகம் 27 ஆண்டுகளுக்குப் பிறகு 2017 யூலையில் விடுவிக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் அந்தக் கரை எப்படி இருந்தது என்பதைப் பிள்ளைகள் தாங்களே ஒப்பிடலாம். ஒரு எச்சரிக்கை: 2009இன் முதல் ஐந்து மாதங்களின் படங்களை வகுப்பில் திடீரென்று திறக்க வேண்டாம். ஆசிரியர் முதலில் தனியாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

சங்கிலி ஒருவரா, இருவரா?

தமிழ்ப் பிள்ளைகளுக்கு மூலங்களை எடைபோடக் கற்பிக்கச் சங்கிலியைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. நல்லூர் முத்திரைச் சந்தியில் சங்கிலியனுக்குச் சிலை இருக்கிறது. மன்னார் தோட்டவெளியில் வேதசாட்சிகளின் நினைவிடம் இருக்கிறது. 1544 இல் மன்னாரில் கிறிஸ்தவத்தைத் தழுவிய ஏறத்தாழ 600 பேர் யாழ்ப்பாண அரசனின் கட்டளையால் கொல்லப்பட்டார்கள் என்பது கத்தோலிக்க மக்களின் நினைவு. அந்த அரசனின் பெயரும் சங்கிலி. 1619 இல் போர்த்துக்கேயரிடம் தோற்று யாழ்ப்பாண அரசின் கடைசி மன்னனானவன் சங்கிலி குமாரன். இருவருக்கும் இடையில் பல தசாப்தங்கள் இருக்கின்றன. ஆனால் ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை இருவரையும் ஒருவராகக் கலந்துவிடுகிறது என்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

செயற்பாடு இதுதான். வகுப்பை மூன்று குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழுவுக்கு வைபவமாலையின் பகுதி. இன்னொன்றுக்குப் போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸின் நூலிலிருந்து ஆசிரியர் எளிமைப்படுத்தி எழுதிய ஒரு பக்கம். மூன்றாவது குழுவுக்குச் சிலையின் படமும் நினைவிடத்தின் படமும். ஒவ்வொரு குழுவும் சங்கிலியைப் பற்றித் தங்கள் மூலம் சொல்வதை ஐந்து வரியில் எழுத வேண்டும். பிறகு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். யார் எழுதியது, எத்தனை ஆண்டு கழித்து எழுதியது, யாருக்காக எழுதியது என்ற கேள்விகள் தாமாக வரும். எங்கள் சமூகத்துக்குள்ளேயே ஒருவருக்கு வீரனாக இருப்பவன் இன்னொருவருக்குக் கொலைக்குக் கட்டளையிட்டவனாக இருக்கலாம் என்பது 500 ஆண்டுகளுக்கு அப்பால் பேசும்போது அவ்வளவு வலிக்காது. அண்மைக் காலத்துக்கு வரும்போது அந்தப் பழக்கம் தேவைப்படும்.

எல்லாளனையும் இப்படி எடுக்கலாம். துட்டகைமுனு கதையைப் பாடப்புத்தகத்தில் படிக்கும் பிள்ளை, மகாவம்சமே எல்லாளனைப் பற்றி என்ன சொல்கிறது என்று படிக்கும் வாய்ப்புக் குறைவு. சோழ நாட்டிலிருந்து வந்து 44 ஆண்டுகள் பகைவருக்கும் நண்பருக்கும் ஒரே நீதி வழங்கி ஆண்டவன் என்று சொல்வது அந்த நூல்தான். தோற்ற மன்னனுக்கு வென்றவன் நினைவுச் சின்னம் எழுப்பி, அதைக் கடந்து போகும்போது வாத்தியங்களை நிறுத்தும் வழக்கம் வந்ததாகச் சொல்வதும் அதுதான். தேர்க்காலில் மாண்ட கன்றுக்காக நீதி கேட்டு மணியடித்த பசுவின் கதை மகாவம்சத்தில் எல்லாளனுக்கும் பெரியபுராணத்தில் திருவாரூர் மனுநீதிச் சோழனுக்கும் சொல்லப்படுகிறது. ஒரே கதை இரண்டு மன்னர்களுக்கு எப்படி வந்தது? நல்ல விவாதம் நடக்கும். அனுராதபுரத்தில் எல்லாளன் சமாதி என்று நீண்ட காலம் அழைக்கப்பட்ட மேட்டைப் பரணவிதான தக்கிண தூபி என்று அடையாளம் கண்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொருட்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் ஆனைக்கோட்டையில் பெருங்கற்காலப் புதைகுழியில் கண்டெடுத்த முத்திரை. அதில் குறியீடுகள் ஒரு வரியிலும் பிராமி எழுத்துகள் மறு வரியிலும் இருக்கின்றன. மற்றது காலியில் 1911 இல் மதகொன்றின் மூடுகல்லாகக் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டைக் குறித்துக் கொண்டுவந்தது. சீனத்தில் புத்தரையும், தமிழில் தெவினுவர தேனாவரை நாயனாரையும், பாரசீகத்தில் அல்லாஹ்வையும் அது போற்றுகிறது. தமிழ், தென்கோடியில் இருக்கும் காலியில், சீனர் செதுக்கிய கல்லில் ஏன் வந்தது? இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டு விடையைச் சொல்லாமல் ஒரு வாரம் விட்டுவிடுங்கள்.

நூலகம் எரிந்த இரவு

எங்கள் வீட்டுக் கதைகளும் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். அதனால் யாருக்கும் ஐயமில்லாத ஒரு நிகழ்வை எடுக்கிறேன். 1981 மே 31 இரவிலிருந்து யூன் 1க்குள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பது பரவலாகச் சொல்லப்படும் எண்.

இதோடு சேர்த்து மேடைகளிலும் இணையத்திலும் இன்னொன்றும் சொல்லப்படுகிறது: யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரே பிரதி அன்று எரிந்துவிட்டது என்று. அந்த நூலை 1879 இலேயே பிரிட்டோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிட்டார். தமிழில் பல பதிப்புகள் வந்தன. இன்று இணையத்தில் எந்தப் பிள்ளையும் அதைத் திறந்து படிக்கலாம். எரிந்தது ஒரு பழைய கையெழுத்துப் பிரதியாக இருக்கலாம், நூல் அல்ல.

இதை வகுப்பில் கண்டுபிடிக்க விடுங்கள். "ஒரே பிரதி எரிந்தது" என்ற வாக்கியத்தை எழுதி, இது சரியா என்று சரிபார்க்கும் வேலையை வீட்டுக்குக் கொடுங்கள். அடுத்த நாள் நூலோடு வருவார்கள். அப்போது இரண்டாவது கேள்வி: அந்தத் தவறு தெரிந்த பிறகு எரிப்பின் கொடுமை குறைந்ததா? ஒரு பிள்ளையும் குறைந்தது என்று சொல்லாது. ஆனால் நாளை அதை மறுக்க வரும் ஒருவர் அந்த ஒரு தவறைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் பொய் என்று சொல்லக்கூடும் என்பது அவர்களுக்குப் புரியும். எங்களுடைய இழப்புகளைச் சரியாகச் சொல்வது எங்களுக்குத்தான் பாதுகாப்பு. செய்தி எழுதுபவர்கள் பட்டுத் தெரிந்துகொள்ளும் பாடம் இது. பிள்ளைகள் பதினைந்து வயதிலேயே தெரிந்துகொண்டால் என்ன?

நடுவில் வெறுமையாக விட்ட நிரல்

இஸ்ரேலிய உளவியலாளர் டான் பார்-ஓனும் பாலஸ்தீனக் கல்வியாளர் சமி அத்வானும் இரு தரப்பு ஆசிரியர்களையும் சேர்த்து ஒரு பாடநூல் உருவாக்கினார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று நிரல்கள். ஒரு பக்கம் இஸ்ரேலியர் சொல்லும் வரலாறு, மறுபக்கம் பாலஸ்தீனர் சொல்லும் வரலாறு, நடுவில் மாணவர் எழுதுவதற்கு வெற்றிடம். அந்த நூலால் அங்கே சமாதானம் வரவில்லை. அதிகாரிகள் அதைப் பாடசாலைகளில் வரவேற்கவும் இல்லை. ஆனாலும் அந்த வெற்று நிரல் ஒரு நல்ல கருவி. பிறிஸ்டல் மட்டையில் இரண்டு கோடு போட்டால் போதும்.

எங்கள் வகுப்பில் இதற்கு ஏற்ற தலைப்பு 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டம். ஒரு நிரலில் ஆங்கிலம் தெரியாமல் கச்சேரியில் தன் வேலையை முடிக்க முடியாமல் நின்ற சிங்களக் கிராமத்து மனிதரின் பார்வை. மற்ற நிரலில் கோடீஸ்வரன் என்ற தமிழ் அரசாங்க எழுதுவினைஞரின் வழக்கு. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்கு அவர் தோற்ற மறுத்ததால் 1962 இல் அவருடைய சம்பள உயர்ச்சி நிறுத்தப்பட்டது. 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1967 இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1969 இல் வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. ஒரு மனிதரின் சம்பள உயர்ச்சி வழியாக ஒரு சட்டத்தைப் பார்க்கும்போது பிள்ளைக்கு அரசியல் விளங்குகிறது. அன்றைய பாராளுமன்ற விவாதங்கள் ஹன்சாட்டில் இருக்கின்றன. சிங்கள உறுப்பினர்களிலும் இடதுசாரிகள் அந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள் என்பதை நடு நிரலில் எழுதவேண்டிய பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டிலிருந்து ஒரு பொருள்

வாய்மொழி வரலாறு என்றதும் ஒலிப்பதிவுக் கருவியோடு தாத்தாவிடம் போய் "போரைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்கச் சொல்வதுதான் வழக்கம். அது தவறான தொடக்கம். சொல்ல முடியாதவர் மௌனமாவார், அல்லது பிள்ளை தாங்க முடியாததைச் சொல்லிவிடுவார்.

பொருளில் தொடங்குங்கள். இடம்பெயர்ந்தபோது கூடவே வந்த, அல்லது அந்தக் காலத்தில் வீட்டில் செய்து பாவித்த ஒரு பொருள். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் ஜாம் போத்தலில் திரி போட்டு எரித்த விளக்கு. சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்ட வானொலி. பங்கீட்டு அட்டை. பாஸ். பங்கருக்கு மண் நிரப்பச் சேலையைக் கிழித்துத் தைத்த பை. பிள்ளை கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான்: இது என்ன? எப்படிச் செய்தீர்கள் அல்லது எப்படிக் கிடைத்தது? இதைப் பாவித்த ஒரு நாள் எப்படிப் போனது? அதற்கு மேல் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் பெரியவரின் விருப்பம்.

சில விதிகளை ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். விரும்பாத பிள்ளை கொண்டுவர வேண்டியதில்லை, காரணமும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைக்கு வரைபடம் வரையும் வேலை கொடுங்கள். இழப்புக் கதைக்குப் புள்ளி போடக்கூடாது. யாருடைய கதை பெரியது என்ற போட்டி அங்கேதான் தொடங்கும். ஒருவர் அழுதால் வகுப்பை நிறுத்திவிட்டு இருக்க வேண்டும், ஆறுதல் சொல்லி அடுத்த பிள்ளைக்குத் தாவக்கூடாது. படமோ காணொளியோ சமூக ஊடகத்தில் போடக்கூடாது. வீட்டுக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் போக வேண்டும்.

இன்னொன்று, சிறிய விடயம் போலத் தெரியும். காணாமல் ஆக்கப்பட்டவரின் பிள்ளையோ பேரப்பிள்ளையோ வகுப்பில் இருந்தால் "உன்ர மாமா எப்படிப்பட்டவராக இருந்தார்?" என்று இறந்தகாலத்தில் கேட்க வேண்டாம். அந்த வீட்டில் அவர் இன்னும் இறந்தகாலத்துக்குப் போகவில்லை.

எங்கள் வகுப்பிலேயே இருக்கும் மற்றவர்கள்

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பல பிள்ளைகளின் பாட்டன் பூட்டன் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். 1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாண அரசு மட்டும் ஊர் வரலாறு ஆகாது. தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியாக நடந்த பாதையை வரைபடத்தில் போடுங்கள். 2023 இல் மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாக அதே வழியில் ஒரு நடைபயணம் நடந்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும் அவர்களுக்குத் திகதிகள் அல்ல, குடும்பம் பிரிந்த காரணங்கள். சாதி சொல்லிப் பேசும் ஊரில் இந்தப் பாடம் கசக்கும். கசந்தாலும் நடத்த வேண்டிய பாடம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். சோனகத் தெருவில் ஒரு நடை நடந்து, பழைய கடைப்பெயர்களையும் பள்ளிவாசல்களையும் ஒஸ்மானியாக் கல்லூரியையும் வரைபடத்தில் குறிப்பது ஒரு பின்னேரத்தில் முடியும் வேலை. பாடப்புத்தகம் எங்களைப் பற்றி மௌனமாக இருக்கிறது என்று முறையிடும் நாங்கள், எங்கள் பிள்ளைகளிடம் இதைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறோம்? கட்டாய ஆட்சேர்ப்பைப் பற்றி? வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டு வந்த நாட்களில் பிள்ளையை ஒளித்து வைத்த தாய்மார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுடைய கதையும் பொருள் மேசையில் ஒரு இடம் கேட்கும். அது வரும்போது ஆசிரியர் மறிக்காமல் இருந்தால் போதும்.

எங்கே தேடுவது

முதல் இடம் நூலகம் நிறுவனத்தின் இணையத்தளம். 2005 இல் தொடங்கிய எண்ணிம நூலகம் இது. ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊர்ப்பெயரைத் தட்டித் தேடினால் போதும். கும்பாபிஷேக மலரை யாரும் வரலாற்று மூலமாக மதிப்பதில்லை. ஆனால் அதில்தான் ஊரின் பழைய படங்களும் கொடையாளர் பட்டியலும் இருக்கும். அதே நிறுவனத்தின் ஆவணகம் என்ற தளத்தில் ஒளிப்படங்களும் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளும் உள்ளன.

மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும் வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகமும் நல்ல தொடக்கம். மான்மியத்தையும் வைபவமாலையைப் போலவே சந்தேகத்தோடு படிக்க வேண்டும். யாழ்ப்பாண அரசுக்குப் பேராசிரியர் சி. பத்மநாதனின் நூல்கள். நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியகம் சிறியது, தூசி படிந்தது, ஒரு வகுப்பைக் கூட்டிக்கொண்டு போக ஒரு காலை போதும். கோட்டைக்குப் போனால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் பற்றி மட்டும் பேசி முடிக்காமல் 1990 முற்றுகையில் இடிந்த சுவர்களையும் காட்டுங்கள். பழைய கல்லும் புதிய கல்லும் நிறத்தில் வேறுபடும்.

கடைசியாக, சேர்த்தவற்றைப் பாதுகாப்பது. பிள்ளைகள் எழுதியதும் வரைந்ததும் தவணை முடிய அலுமாரிக்கு மேல் போய்விடும், மழைக்குக் கரையான் வரும். கைத்தொலைபேசியில் நேராகப் படமெடுத்து ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்தில் வையுங்கள். உரியவர் எழுத்தில் சம்மதித்தவற்றை மட்டும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். மூலப் பொருளும் மூலப் படமும் வீட்டுக்கே திரும்பிப் போக வேண்டும். பழைய ஒளிப்படத்தில் இருப்பவர்களின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை அந்த அம்மம்மா இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். படத்தின் பின்புறத்தில், பேனையால் அல்ல, பென்சிலால்.